பெட்டிக்குள் இரண்டு நிமிடம்

மனிடோபா, கனடா
அக்டோபர் 8

அன்புள்ள அஜிதா,

போனில் என் குரல் கேட்டதும் "லிபிகிட்ட குடுங்க" என்கிறாய். மெசேஜ் போட்டால் நீலக் குறி இரண்டு விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடலாம்தான். அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

ஆகஸ்டில் நான் பேசியது தப்பு. லிபியை ஐஸ் ஹாக்கியில் சேர்த்துவிட்டேன் என்று சொன்னதும், பெண்பிள்ளைக்குப் பல் போனால் யார் பொறுப்பு என்று நீ கத்தினாய். நியாயமான பயம். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "டிக்கெட் கிழிக்க ஊர்ல ஆயிரம் பேர் கிடைப்பாங்க, நீ அதையே கட்டிக்கிட்டு இரு. இனி வராட்டாலும் சாரமில்ல, பரவாயில்ல, நாங்க பழகியாச்சு" என்றேன். பழகவில்லை அஜி. முதியோர் இல்லத்தில் நர்ஸ் ட்யூட்டி முடிந்து வரும்போது உன்னிடம் சொல்ல மூன்று விஷயமாவது சேர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் சொல்ல ஆளில்லை என்று ஞாபகம் வந்துவிடும்.

இந்தக் கடிதம் உண்மையில் லிபியின் உத்தரவு. நவம்பரிலிருந்து சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேட்ச். காமரா வைத்து இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். உனக்கு அது ஞாயிறு காலை ஐந்தரை. "அம்மா பாப்பாங்க, ஆனா ஒண்ணும் மனசிலாகாது. நான் சொன்னா பாதி மலையாளம் பாதி இங்கிலீஷ் ஆயிரும். நீங்க ரூல்ஸ் எல்லாம் தமிழ்ல எழுதி அனுப்புங்கப்பா" என்றாள். எனக்கே இங்கே வந்தபிறகுதான் தெரியும். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

தரை முழுக்க ஐஸ். காலில் கத்தி வைத்த ஷூ. பந்து கிடையாது, கறுப்பு ரப்பரில் ஒரு வட்டு, உளுந்துவடை அளவு, நடுவில் ஓட்டை மட்டும் இல்லை. அதற்குப் பெயர் பக். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: ஐந்து பேர் ஓடுவார்கள், ஒருவர் கோல் காப்பார். மூன்று பாகம், பெரியவர்களுக்கு இருபது இருபது நிமிடம், லிபி மாதிரிப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பதினைந்து. நடுவில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நீலக் கோடு. எதிரிப் பக்கத்து நீலக் கோட்டை முதலில் பக் தாண்ட வேண்டும், பிறகுதான் ஆள் தாண்டலாம். ஆள் முந்திவிட்டால் ஆஃப்சைடு. விசில் ஊதிவிடுவார்கள். லிபி இதில்தான் அடிக்கடி மாட்டுகிறாள். அவசரம். உன் பிள்ளை.

என் இருமலைப் பற்றி நீ விசாரித்ததாக லிபி சொன்னாள். குறைந்திருக்கிறது. கேட்டாயே, அதுவே போதும்.

கண்டக்டர் வேலையில் இரண்டு வருடம் ப்ரொபேஷன், அது முடிந்ததும் நீண்ட லீவ் போட்டு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் எங்களை ஏர்போர்ட்டில் விட்டாய். ப்ரொபேஷன் முடிந்துவிட்டது. விசாவும் வந்து கிடக்கிறது. லீவ் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுது.

ராஜமணி


கரமனை, திருவனந்தபுரம்
அக்டோபர் 29

லிபி அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை, படித்தேன். அதனால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் ஒரு திருத்தம். டிக்கெட்டை இப்போது யாரும் கிழிப்பதில்லை. மெஷின் வந்து எத்தனையோ காலமாகிறது. திட்டுவதானாலும் விவரம் தெரிந்து திட்ட வேண்டும்.

ஆஃப்சைடு எனக்கு ஒரே வாசிப்பில் பிடிபட்டது. நம் ஃபேர் ஸ்டேஜ்தான் அது. டிக்கெட் எடுக்காமல் ஆள் ஸ்டேஜ் தாண்டக் கூடாது. உங்கள் பக்தான் டிக்கெட், நீலக் கோடுதான் ஸ்டேஜ். கிழக்கேகோட்டையில் ஏறிப் பாளையம் தாண்டியபிறகு, "இப்பத்தான் ஏறினேன் சேச்சி" என்று பல்லைக் காட்டுகிறானே, அவனெல்லாம் ஆஃப்சைடு. இதை எழுத உங்களுக்குப் பத்து வரி.

லிபி பயிற்சி செய்கிற வீடியோவை டிரைவர் ஷிபுவிடம் காட்டினேன். "சேச்சி, இது களியாணோ, தல்லாணோ?" என்று கேட்டான். விளையாட்டா அடிதடியா என்று எனக்கும் அதே சந்தேகம். முதல் டிரிப்பில் வலியசாலை அக்ரகாரத்திலிருந்து நீலாம்பாள் மாமி ஏறுவார், பத்மநாபசுவாமி தரிசனத்துக்கு. அவரும் எட்டிப் பார்த்தார். "என்னடி அஜிதா இது, பொண்கொழந்தைகள் தலையில குண்டானைக் கவுத்துண்டு, கட்டையும் கையுமா! இதுல நம்ம லிபி எது?" என்றார். முதுகில் பதினேழு என்று சொன்னேன். இப்போது வண்டி ஏறியதும், "பதினேழு சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார்.

சரி, நீங்கள் எழுதாமல் விட்டதைக் கேட்கிறேன். பல்லுக்கு என்ன பாதுகாப்பு? நாற்பத்தைந்து நிமிடமும் அதே ஐந்து பேர் ஓடினால் பிள்ளைக்கு மூச்சு வாங்காதா? வேண்டுமென்றே இடித்துத் தள்ளினால் கேட்க ஆள் உண்டா?

முட்டுவலிக்குத் தைலம் போடச் சொன்னீர்களாம். லிபி சொன்னாள். போடுகிறேன். அதற்கெல்லாம் நன்றி எழுத மாட்டேன்.

லீவ் அப்ளிகேஷனை செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டேன். பைல் நகரவில்லை. நான் என்ன செய்ய?

அஜிதா


மனிடோபா
நவம்பர் 19

அன்புள்ள அஜி,

உன் கடிதத்தை லிபிக்குப் படித்துக் காட்டினேன். ஃபேர் ஸ்டேஜ் வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். மறுநாள் அதை அவள் கோச்சுக்கு ஆங்கிலத்தில் விளக்க முயன்றிருக்கிறாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். "அம்மா சொன்னா கரெக்ட்டா இருக்கு, நான் சொன்னா சொதப்புது" என்றாள்.

பல்லுக்கு வாய்க்குள் ஒரு காப்பு, முகத்துக்குக் கம்பி வலை. நானே இரண்டு தடவை சோதித்துப் பார்க்கிறேன், பயப்படாதே.

அதே ஐந்து பேர் ஓடுவதில்லை. நாற்பது ஐம்பது விநாடியில் மூச்சு முட்டிவிடும். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மாறிக்கொள்வார்கள். உள்ளே இருப்பவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தவுடன் அடுத்தவள் தடுப்பைத் தாண்டிக் குதிப்பாள். விசிலும் கிடையாது, நிறுத்தலும் கிடையாது. ஓடுகிற பஸ்ஸில் ஒருவர் இறங்க ஒருவர் ஏறுகிற மாதிரி. நீ கத்துவாய் என்று தெரியும், ஆனால் இங்கே அது அனுமதி உள்ள விஷயம். அவசரத்தில் ஒருத்தி அதிகமாக ஏறிவிட்டால் மட்டும் தண்டனை.

இன்னொன்று ஐஸிங். எதிரிகள் நெருக்கும்போது, தன் பாதியில் நின்றுகொண்டே பக்கை அந்தக் கடைசிக்கு ஓங்கி அடித்துத் தப்பிக்கப் பார்ப்பது. இரண்டு சிவப்புக் கோட்டையும், அதாவது நடுக்கோட்டையும் அந்தக் கோடியில் உள்ள கோல் கோட்டையும், அது யார் மேலும் படாமல் தாண்டிப் போய்விட்டால் விசில். எங்கிருந்து தப்பிக்கப் பார்த்தார்களோ அந்தப் பக்கத்துக்கே கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். பதிலே சொல்லாமல் பிரச்சினையைத் தூரமாக வீசிவிட முடியாது. இதைப் படித்தபோது எனக்கு ஆகஸ்ட் ஞாபகம் வந்தது.

கேட்க ஆள் உண்டா என்றாயே, உண்டு. பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் மோதித் தள்ளக் கூடாது. மட்டையால் காலை இடறினாலோ, பிடித்து இழுத்தாலோ, நடுவர் கையைத் தூக்குவார். தப்புச் செய்தவள் ஓரத்தில் கண்ணாடி அடைத்த ஒரு பெட்டிக்குள் போய் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அதுவரை அவள் பக்கம் ஓர் ஆள் குறைவு. அதற்குள் எதிரி கோல் போட்டுவிட்டால் உடனே வெளியே வந்துவிடலாம். எல்லாப் பெற்றோரும் ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும் என்பது இங்கே வழக்கம். எனக்குக் கிடைத்தது அந்தப் பெட்டியின் கதவைத் திறந்து மூடுகிற வேலை. உன் வேலையில் பாதி எனக்கும் வந்துவிட்டது.

இன்று மைனஸ் பதினெட்டு. லீவ் பைலுக்கு யாரையாவது பார்க்க வேண்டுமா? பாறசாலையில் என் மாமா மகன் லிங்கம் யூனியனில் இருக்கிறான். சொல்லட்டுமா?

ராஜமணி


கரமனை
டிசம்பர் 3

லிபி அப்பாவுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

இன்று காலை ஐந்தரைக்கு டிப்போவில் வண்டிக்குள் உட்கார்ந்து மேட்ச் பார்த்தேன். முதல் டிரிப் ஆறு பத்துக்கு. ஷிபுவும் பக்கத்தில், மாமியும் இன்று டிப்போவுக்கே சீக்கிரம் வந்துவிட்டார். பதினேழு எங்கே எங்கே என்று மூன்று பேரும் தேடிக்கொண்டிருக்கும்போது நடுவர் கையைத் தூக்கினார். யாரோ ஒரு பிள்ளை கோலுக்கு முன்னால் விழுந்து கிடந்தது. அடுத்து பார்த்தால் என் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறாள். நீங்கள் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். பெத்த அப்பா!

"கொழந்தையை ஏண்டி கூண்டுல போட்டுட்டா?" என்று மாமி கேட்டார்.  மணி ஆறு பத்து ஆகிவிட்டது. மணிக் கயிற்றை இரண்டு தடவை இழுத்து வண்டியை எடுக்கச் சொன்னேன். கிழக்கேகோட்டை போகும்வரை யாருக்கு என்ன டிக்கெட் கொடுத்தேன் என்று இப்போதும் தெரியாது.

என்ன செய்தாள் அவள்? யாரை அடித்தாள்? எறும்பை மிதித்தால் அழுகிற பிள்ளையை அடிதடிக்காரியாக்கிவிட்டீர்களா? முதல் டிரிப் முடிந்ததும் வீடியோவில் கேட்டேன். "சாரமில்லம்மா, ரூல் அப்படி" என்று சொல்லிவிட்டு மாமி என்ன சொன்னாங்க, ஷிபு அங்கிள் என்ன சொன்னாங்க என்று பேச்சை மாற்றினாள். எனக்குத் தெரியாதா? பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவன் முகமும் அதேதான். தப்புச் செய்தவளைத்தான் உட்கார வைப்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை என்று அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள். நாளைக்கு எல்லாரும் சொல்வார்கள். இதை எழுத வைத்தது நீங்கள்தான்.

போனில் கூப்பிட்டால் என் வாய் சும்மா இருக்காது, மறுபடியும் ஆகஸ்ட் ஆகும். அதனால் எழுதி அனுப்புங்கள். எதையும் மறைக்காமல் எழுதுங்கள். லிங்கத்தை எல்லாம் கூப்பிட வேண்டாம். பைல், பைல் என்று என்னை அரிக்கவும் வேண்டாம்.

அஜிதா


மனிடோபா
டிசம்பர் 26

அஜி,

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் கடிதம் வந்தபிறகு எழுதாமல் இருப்பது பாவம். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன்.

லிபி யாரையும் அடிக்கவில்லை. தப்புச் செய்தது ஹேலி என்ற பெண், கோல் காப்பவள். எதிரிப் பிள்ளையின் காலை மட்டையால் இடறிவிட்டாள். ஆனால் கோல் காப்பவளைப் பெட்டிக்குள் அனுப்புவதில்லை. அவளுக்குப் பதிலாக, அப்போது ஐஸ் மேல் இருந்த வேறு ஒருத்தி போய் உட்கார வேண்டும். இதுதான் ரூல். நான் உனக்கு எழுதாமல் விட்டுவிட்டேன். எனக்கும் அன்றுதான் தெரியும்.

யார் போகிறீர்கள் என்று கோச் கேட்டு முடிப்பதற்குள் லிபி மட்டையைத் தூக்கிவிட்டாள். நான் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பெஞ்ச், நானும் அவளும் மட்டும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"எதுக்கு மோளே நீ?" என்றேன்.

"யாராவது உக்காரணும்லாப்பா."

"இன்னும் நாலு பேர் இருந்தாங்களே."

"நீயா நானான்னு பாத்துட்டு நின்னா களி தொடங்காது. நான் உக்காந்தா தீந்துல்லா."

 கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா வராம இருக்கறதும் என்னாலதானே. நான் ஹாக்கி சேரலன்னா அன்னைக்கு நீங்க சண்டை போட்டிருக்க மாட்டீங்க." அப்படி இல்லை என்றேன். "நான் படியில இருந்து கேட்டேன்பா. நாங்க பழகியாச்சுன்னு சொன்னீங்க. நான் பழகலப்பா."

அஜி, அந்த நேரம் பார்த்து எதிரிகள் கோல் போட்டுவிட்டார்கள். பாக்கி நாற்பது விநாடி இருந்தது, ஆனால் அவள் வெளியே போகலாம். "கதவு, அப்பா" என்றாள். நான் திறக்க மறந்து நின்றேன். அவளே தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு போனாள். தலையைக் குனிந்திருந்தாள் என்று எழுதியிருந்தாயே, அது வெட்கமில்லை. அப்போதே அழுதுகொண்டிருந்தாள். கம்பி வலைக்குள் கைவிட்டுத் துடைக்க முடியாது, அதனால் குனிந்திருந்தாள்.

மேட்ச் முடிந்ததும் கோச்சிடம் கேட்டேன். இது மூன்றாவது தடவையாம், முந்தைய இரண்டும் நான் ட்யூட்டிக்குப் போன நாட்கள். யாருக்காக உட்கார வேண்டியிருந்தாலும் பதினேழுதான் முதலில் மட்டையைத் தூக்குகிறாள், நல்ல மனசு என்று பாராட்டினார். எனக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, உன் மேல் ஒரு தப்பும் இல்லை மோளே என்று பத்துத் தடவை சொல்லிவிட்டேன். "ஓகேப்பா" என்றாள்.

ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. என் இருமலைப் பற்றி நீ எப்போதாவது கேட்டாயா? ஒவ்வொரு ஞாயிறும் "அம்மா கேட்டாங்க" என்று அவள் ஏதாவது சொல்கிறாள். நீ முட்டுத் தைலம் என்று எழுதினபோதே எனக்குச் சந்தேகம். நான் அப்படிச் சொல்லவில்லை. உனக்கு முட்டுவலி என்றே எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை அவள் முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிறாள். அதை எப்படி இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

ராஜமணி


கரமனை
ஜனவரி 14

அத்தான்,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. இரண்டு நாள் சிக் லீவ் போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். ஷிபு வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போனான்.

நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிறுகூட உங்கள் இருமலைப் பற்றி நான் கேட்டதில்லை. உங்கள் முதல் கடிதத்திலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை சொன்னதைப் பொய்யாக்க மனமில்லாமலும், உங்களிடம் தோற்க மனமில்லாமலும் பேசாமல் இருந்துவிட்டேன். "அப்பா தைலம் போடச் சொன்னாரு" என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும், ராத்திரி அந்தத் தைலத்தை எடுத்துத் தேய்த்தேன். உங்கள் கைதான் தேய்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு வயசுப் பிள்ளை இரண்டு பக்கமும் நின்று நமக்குக் குடும்பம் நடத்தியிருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். லீவ் சாங்ஷன் ஆகிவிட்டது. இன்று நேற்றல்ல, அக்டோபர் பத்தாம் தேதி. உங்களுக்கு நான் முதல் கடிதம் எழுதும்போதே ஆர்டர் என் பைபிளுக்குள் இருந்தது. பைல் நகரவில்லை என்று எழுதியது சுத்தப் பொய். ஆபீஸ்காரர்கள் நான் கேட்டதைவிடச் சீக்கிரமாகவே முடித்துக் கொடுத்தார்கள். பாவம், அவர்கள் மேல் பழியைப் போட்டேன்.

ஏன் என்று நானே என்னைக் கேட்டேன். உங்கள் மேல் கோபம் என்று முதலில் நினைத்தேன். கோபம் ஒரு சாக்கு. எனக்குப் பயம், அத்தான். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா வடிவம்மாள் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளினவள். எங்கள் குடும்பத்தில் யூனிஃபார்ம் போட்ட முதல் ஆள் நான். வண்டியில் ஏறினால் எழுபது பேர் "சேச்சி" என்று கூப்பிடுகிறார்கள். எந்த ஸ்டாப்பில் யார் இறங்குவார்கள் என்று பார்க்காமலே சொல்வேன். அங்கே வந்தால் எந்த பஸ்ஸில் ஏறுவது என்றுகூடத் தெரியாமல் ரோட்டில் நிற்கிற ஒருத்தி. லிபியே என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அவள் ஃப்ரெண்ட்ஸ் முன்னால் நான் வாயைத் திறந்தால் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்குமோ என்று பயந்தேன். அப்போதுதான் நீங்கள் "நாங்க பழகியாச்சு" என்றீர்கள். சரிதான், என்னை யாருக்கும் வேண்டாம் என்று அந்தப் பேச்சுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். எனக்கு வசதியாகப் போய்விட்டது.

நான் வராததற்குக் காரணம் லிபியும் இல்லை, அவள் ஹாக்கியும் இல்லை, நீங்கள்கூட இல்லை. நான். என் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நாலு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டு, வண்டிக்குள் இருந்து, ஏன் உட்கார்ந்தாய் என்று அவளையே கேட்டேனே!

நேற்று வீடியோவில் சொல்லிப் பார்த்தேன். "சண்டை உன்னால இல்ல மோளே" என்றேன். எனக்கும் அதே "ஓகேம்மா". அந்த ஓகே எனக்குத் தெரியும், சில்லறை பாக்கி என்று சொன்னால் வயசானவர்கள் சரி மோளே சரி மோளே என்று நம்பாமலே தலையாட்டுவார்களே, அது. தப்பில்லை தப்பில்லை என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள். தப்பு யாருடையது என்று சொன்னால்தான் நம்புவாள். நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் படியுங்கள். ஒரு வரியும் விடக் கூடாது. அம்மா பொய் சொன்னாள், அம்மா பயந்தாள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பிறகு உங்கள் பங்கை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். பிப்ரவரி இருபத்திநாலு புறப்பாடு. இரண்டு இடத்தில் மாற வேண்டுமாம். மாறிக்கொள்வேன். ஷிபுவிடம் சொன்னபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாமி மட்டும், "போயிட்டு வாடி, பதினேழைக் கட்டிக்கோ" என்றார்.

இதைப் படித்ததும் உடனே போன் பண்ணாதீர்கள். ட்யூட்டியில் இருப்பேன், அழுதால் மெஷின் நனையும்.

உங்கள் அஜி


மனிடோபா
பிப்ரவரி 4

என் அஜி,

நீ புறப்படுவதற்கு முன் இது கைக்கு வருமோ என்னவோ. வராவிட்டால் வந்தபிறகு நானே படித்துக் காட்டுகிறேன்.

புதன்கிழமை உன் கடிதம் வந்தது. சாப்பாடு முடிந்ததும் லிபியைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுதும் படித்தேன். ஒரு வரியும் விடவில்லை. இரண்டு இடத்தில் நான் நிறுத்தினேன், அவளே கடிதத்தை வாங்கித் தட்டுத்தடுமாறிப் படித்தாள். பிறகு என் பங்கைச் சொன்னேன். அப்பா தோற்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது, அதில் ஓர் எழுத்துகூட உண்மை இல்லை, அப்பா ஒருநாளும் பழகவில்லை என்றேன்.  அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா பயந்தாங்களா? குடிச்சிட்டு ஏறுறவங்களைக் காலரைப் புடிச்சு எறக்கி விடுற அம்மாவா?"

ஆமாம் என்றேன். "எனக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். இன்னும் எனக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. உன் தைலம் எந்தக் கம்பெனி, இங்கே கிடைக்குமா என்று மட்டும் காலையில் கேட்டாள்.

நேற்று மேட்ச். நீ பார்க்கவில்லை என்று தெரியும், அன்று உனக்குக் காலை ட்யூட்டி மாற்றம் என்று சொல்லியிருந்தாய். அதனால் எழுதுகிறேன். கடைசிப் பாகம், கோல் இரண்டுக்கு இரண்டு, ஆறு நிமிடம் பாக்கி. ஹேலி மறுபடியும் ஒருத்தியை இடறிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு இந்தப் பழக்கம் போகவே போகாது போலிருக்கிறது. நடுவர் கையைத் தூக்கினார். லிபி ஐஸ் மேல்தான் இருந்தாள். யார் உட்காருகிறீர்கள் என்று கோச் கேட்டார். மற்ற நாலு பேரும் பழக்கத்தில் பதினேழைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பெட்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.  லிபி மட்டையைத் தூக்கவில்லை. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, ஆட்டம் தொடங்க நடுவர் பக்கைப் போடுகிற வட்டத்துக்குப் போய்க் குனிந்து நின்றாள். கொஞ்சம் பொறுத்து ஒன்பதாம் எண் பெண் முணுமுணுத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

நம் பிள்ளை உட்காரவில்லை, அஜி. அவள் விளையாடப் போய்விட்டாள்.

ராஜமணி